அரிசி டின்னில் படுத்திருந்த பரோலோ

எனக்குக் கேக் வேண்டாம் என்று சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனாலும் அந்த அறையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும், நான் என்னவோ மேசை மேல் ஏறி நின்று கத்தியதுபோலத் திரும்பிப் பார்த்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் துபாயில் ஓர் இத்தாலியக் கட்டுமானக் கம்பெனியின் சைட் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். அங்கே நான் ஒருத்திதான் பெண். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் புராஜெக்ட் தலைவர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிடுவார். வடக்கு இத்தாலியிலிருந்து வந்த, நரைத்த மீசைக்காரர். குடிக்கிறவர்களுக்கு ஒரு பாட்டில் ஒயின், குடிக்காதவர்களுக்கு ஈச்சம்பழப் பெட்டி. எனக்கு மட்டும் உலர்ந்த திராட்சை போட்ட உயரமான கேக். நான் குடிப்பேனா மாட்டேனா என்று ஒருவரும் கேட்டதில்லை. சேர்ந்த புதிதில் வாங்கிக்கொண்டு தாங்க்யூ சொன்னேன். அந்த வருஷம் வாய் சும்மா இருக்கவில்லை, எனக்கும் ஒயினே கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் தூத்துக்குடியில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது யார்? பெண்கள். கறுப்புத் திராட்சையைக் கழுவி, நசுக்கி, சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, பீங்கான் பரணியில் வாய் கட்டி வைப்பார்கள். தினமும் கிளறுவதும் கடைசியில் வடிகட்டுவதும் அவர்கள்தான். பண்டிகையன்று முதல் கிளாஸ் வீட்டு ஆண்களுக்கும் வந்த விருந்தாளிகளுக்கும். அடியில் கலங்கலாக மிஞ்சினது அடுப்படிக்கு வரும். மாதா கோவிலிலும் அதே கதைதான். பூசையில் சாமியார் ஒயின் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டுவார், நாங்கள் தலை குனிவோம், அப்பம் மட்டும் நாக்குக்கு வரும். ஆண்களுக்கும் அப்படித்தானே என்று யாராவது சொல்ல வருவீர்கள். தெரியும். ஆண்களைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை.

இத்தாலிக்காரர் கோபப்படவில்லை, சிரித்தார். ஆண்களை மட்டும் எண்ணி வாங்கியிருந்ததால் பாட்டில் தீர்ந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு தன் சொந்த அலமாரியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

லேபிளில் பரோலோ என்று போட்டிருந்தது, அது ஊர்ப் பெயர். அதற்குக் கீழே இன்னொரு பெயரும் இருந்தது. அது ஒரு மலைச்சரிவின் பெயராம். அந்த ஒரே சரிவில் விளைந்த திராட்சை மட்டும்தான் இந்த பாட்டிலுக்குள் இருக்கிறது, அடுத்த சரிவில் விளைந்ததைக்கூட இதில் கலக்கமாட்டார்கள் என்றார். வெயில் அங்கே விழுகிற மாதிரி வேறெங்கும் விழாது என்று காற்றில் ஒரு மேட்டை வரைந்து காட்டினார். எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் ஊர் உப்பளத்தில் ஒரு பாத்தி உப்பைப்போல அடுத்த பாத்தி உப்பு இருக்காது. இன்னும் பத்து வருஷம் படுக்கவைத்துக் காத்திருந்தால் இது தேவாமிர்தம், குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வை என்றும் சொன்னார். நாங்கள் குடியிருந்த கராமாவில் குளிர்ச்சியான இருட்டான இடம்! கான்ட்ராக்ட் முடிந்தால் பெட்டியைக் கட்டவேண்டியவர்களிடம் பத்து வருஷம் காத்திரு என்கிறார். நல்ல மனுஷர், ஆனால் எங்கள் நிலைமை அவருக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் அக்கவுண்டன்ட் கண்ணடித்தார். “வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் யோகந்தான்” என்றார்.

“இது எனக்கு சார்” என்றேன். அவர் அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

எங்கள் சின்ன ஃப்ளாட்டில் வெயில் படாத இடம் அரிசி டின் ஒன்றுதான். பாட்டிலை அதில் படுக்கவைத்து மேலே அரிசியைப் போட்டு மூடினேன். சோற்றுக்கு அரிசி அள்ளும்போது கை அதில் இடிக்கும். அப்போதெல்லாம் எனக்கு ஒரு திமிர் வரும். இந்த ஊரில் என் பேருக்கு ரூமும் இல்லை, விசாவும் இல்லை. எல்லாம் கணவர் பேரில். இது ஒன்றுதான் நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கினது.

கணவருக்கு வேறு கம்பெனியில் வேலை, திறந்தவெளி யார்டில் ஸ்டோர்கீப்பர். கோடையில் வீட்டுக்கு வரும்போது கழுத்து வெந்து சிவந்திருக்கும், நான்தான் தேங்காயெண்ணெய் தடவிவிடுவேன். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் ஏசி கேபினுக்குள் உட்காரலாம். அந்தப் பதவி காலியாகப் போகிறது என்று பேச்சு இருந்தது. முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய மேனேஜர், எங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரர். வீட்டில் விதவிதமாகக் கண்ணாடிக் கிளாஸ் வைத்து, ஒயின் பேரெல்லாம் சொல்லிப் பேசுகிறவர். அவரிடம் போய் என் கணவர் இந்த பாட்டிலைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறார். அந்தச் சரிவின் பெயரைக் கேட்டதும் மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

கிறிஸ்துமஸ் முடிந்த வியாழக்கிழமை சாயங்காலம் டீயைக் குடித்துக்கொண்டே கணவர் ஆரம்பித்தார்.

“நாளைக்கு பூசை முடிஞ்சதும் சார் சாப்பிட வாராரு. அந்த பாட்டில அவருட்ட குடுத்துருவோம்.”

“எந்த பாட்டில?”

“அரிசிக்குள்ள வச்சிருக்கியே, அதத்தான். தாரேன்னு சொல்லிட்டேன்.”

“அது எனக்குத் தந்ததுல்லா?”

“உனக்குத் தந்தா என்ன, எனக்குத் தந்தா என்ன, ஒரே வீடுதான? சூப்பர்வைசர் போஸ்ட் அவரு கையிலதான் இருக்கு. ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“அப்ப உங்க பொருள் ஏதாவது இருந்தா குடுங்க.”

“வெளையாடாத” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவர் ஆசையில் தப்பு இல்லை. அந்தக் கழுத்தைத் தினம் பார்க்கிறவள் நான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. என் பொருளைக் கொடுக்கிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, கடைசியில் எனக்குத் தகவல் சொன்னார்.

வெள்ளிக்கிழமைதான் அங்கே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து என் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், ஜுமேராவில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கு வெள்ளி மட்டும்தான் லீவு. சீலா மீன் குழம்பு வைத்தேன். மேனேஜர் வந்தார், வாசனை பிரமாதம் என்றார். ஆனால் கண் மட்டும் அடுப்படிப் பக்கமே போய்வந்தது. பாட்டிலை இங்கே திறக்கப்போவதில்லை, நியூ இயருக்குத் தன் டைரக்டர் வீட்டுக்கு எடுத்துப்போவதாக அவரே சொன்னார்.

நான் எழுந்து போய் அரிசிக்குள் கைவிட்டு பாட்டிலை எடுத்தேன். கணவர் முகம் மலர்ந்தது. தக்கையைத் திருகி எடுக்கிற சாமான் எங்களிடம் இல்லை. மத்தைத் திருப்பிப் பிடித்து, காம்பைத் தக்கை மேல் வைத்து, ஒரே அமுக்கு. தக்கை உள்ளே போனது, என் பூசைச் சேலையில் நாலு துளி தெறித்தது.

“சிஸ்டர்! என்ன பண்றீங்க சிஸ்டர்!” என்று மேனேஜர் பாதி எழுந்துவிட்டார்.

“சாப்பாட்டோட குடிப்போம் சார்” என்றேன். உள்ளே வண்டல் மிதந்தது, அதனால் டீ வடிகட்டியில் வடித்து நாலு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். முதல் டம்ளர் எனக்கு, அடுத்தது தோழிக்கு. பிறகுதான் அவர்கள் இரண்டு பேருக்கும்.

ஒரு வாய் குடித்தேன். இனிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி ஒரே துவர்ப்பு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எங்களுக்குத் தெரிந்த ஒயின் எல்லாம் பரணியில் போட்ட தித்திப்புதான். தோழி முகத்தைச் சுளித்தாள்.

“அக்கா, இது பழுதாப் போச்சுது போல கிடக்கு. கொஞ்சம் சீனி போட்டுப் பாப்பமோ?”

“போடு” என்றேன். எனக்கும் சேர்த்துப் போட்டாள். ஸ்பூனால் கலக்கினோம்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, இதுல போய் சர்க்கரையா? இது என்ன ஒயின்னு உங்களுக்குத் தெரியுமா? அந்த இத்தாலிக்காரன் பாத்தா உயிர விட்ருவான்.”

“அவரு எனக்குத்தான் தந்தாரு சார். எப்படிக் குடிக்கணும்னு நானே பாத்துக்கிடுதேன்.”

மேனேஜர் தன் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, சொட்டுச் சொட்டாகக் குடித்து முடித்தார். நாங்கள் இரண்டு பேரும் சர்க்கரை போட்ட பரோலோவையும் மீன் குழம்பையும் வெளுத்துக்கட்டினோம். தோழிக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. பின்னாளில் ஒருவர், அந்தத் திராட்சையின் குணமே துவர்ப்புதான், வருஷம் போகப்போகத்தான் இளகும், அதில் சர்க்கரை போடுவது பாவம் என்று எனக்கு விளக்கினார். பாவமாகவே இருக்கட்டும். அதற்கு நான் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யப்போவதில்லை.

மேனேஜர் கையைக் கழுவிவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார். தோழியும் பஸ்ஸுக்குப் போனாள். கணவர் டம்ளரைத் தொடவே இல்லை.

“இதுக்காகவா?” என்றார். “ஒரு பாட்டிலுக்காகவா எம் பொழப்பக் கெடுத்த?”

“பாட்டிலுக்காக இல்ல. என்னையக் கேக்காம குடுத்தீங்கள்லா, அதுக்காக.”

பதவி வேறொருவருக்குப் போனது. கணவர் மறுபடியும் யார்டில், மறுபடியும் வெயிலில். பல நாள் சோறு வேண்டுமா வேண்டாமா என்பதோடு பேச்சு நின்றது. எண்ணெய் தடவக் கூப்பிட்டால் தானே தடவிக்கொள்வதாகச் சொல்வார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆனால் செய்தது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. அதே மேனேஜர். அபுதாபி யார்டுக்கு ஆள் வேண்டுமாம், கேம்பில் தங்கவேண்டும், மறுநாளே கிளம்ப வேண்டுமாம். அவர் குரல் ரிசீவரைத் தாண்டி அடுப்படிவரை கேட்டது. சரி சார் என்றுதான் கணவர் எப்போதும் சொல்வார். அன்றைக்கு ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்தார்.

“வீட்டுல கேக்கணும் சார்” என்றார். அந்தப் பக்கம் மேனேஜர் கேலியாகச் சிரித்தது கேட்டது. கணவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “ஆமா சார், அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்.”