மிஸ்ட்டில் வைத்த சிவப்பு

கன்னத்தில் பூசும் பிளஷ் அடர் நிறம் என்றாலே பயந்து ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கறுத்த முகத்துக்கு அதுதான் பொருந்தும். வெளிர் ரோஸ் பூசினால் சாம்பல் தட்டினது போல இருக்கும். பழுத்த பிளம்ஸ் நிறமோ செங்கல் சிவப்போ வைத்தால் உள்ளேயிருந்தே ரத்தம் ஏறினது போல இருக்கும். அளவுதான் முக்கியம். டப்பாவைத் தொட்ட பிரஷ்ஷை நேரே கன்னத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. புறங்கையில் தட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கன்ன எலும்பின் மேல் வைத்துக் காதுப் பக்கமாக இழுத்துக் கரைக்க வேண்டும். பிறகு வாசலுக்குப் போய் வெயிலில் ஒருமுறை பார்க்க வேண்டும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. என் கல்யாணத்தன்று தெரியவில்லை.

அப்போது கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை. மாப்பிள்ளைக்கு மேட்டுப்பாளையம், மண்டபமும் அங்கேதான். கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் வேன் கிளம்ப வேண்டும். நான் எனக்கு நானே அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். சேலை கட்டி முடித்த அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். பவுடரைத் தவிர வேறெதையும் முகத்தில் போட்டறியாதவள்.

"எனக்கும் அதுல சித்த வெச்சு உடு கண்ணு. போட்டோல நானும் நல்லாத் தெரியோணும்ல" என்றாள்.

தனக்கென்று அவள் எதையும் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக வைத்துவிட்டேன். ஜன்னலை ஒட்டி மிஸ்ட் நின்றிருந்தது. எங்கள் ஊரில் பனிமூட்டம் என்று யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது மிஸ்ட்டுதான். அம்மா கண்ணாடியை அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தெரியலையே."

எனக்கும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தேன். அப்போதும் தெரியலையே என்றாள். மறுபடியும் வைத்தேன். மிஸ்ட் வெளிச்சம் எந்த நிறத்தையும் தின்றுவிடும் என்பது மலையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கடைசியில்தான் அவளுக்குத் திருப்தி வந்தது.

மலையிறங்கும் வழியில் குஞ்சப்பனை என்ற ஊரைத் தாண்டியதும் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். நான் வேனில் முன்னால் இருந்தேன், அம்மா பின்னால். மண்டபத்து வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்து வெயிலில் அம்மாவின் கன்னம் இரண்டும் அறை வாங்கியது போலச் சிவந்திருந்தன. நான் அவளிடம் போவதற்குள் மாப்பிள்ளையின் பெரியம்மா போய்விட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, மூஞ்சியெல்லாம் இப்படிச் செவந்து கெடக்குதுங்களே. காய்ச்சலுங்களா?"

கிண்டல் இல்லை. தங்கமான மனுஷி, நிஜமாகவே பதறிப்போனார். பையைத் துழாவி ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு நீட்டினார். சாயம் பூசியிருக்கிறேன் என்று புதுச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது?

"ஆமாங்க, ராத்திரியிருந்தே ஒரு மாதிரியாத்தானுங்க இருக்குது" என்று சொல்லி, இல்லாத காய்ச்சலுக்கு மாத்திரையை விழுங்கினாள் அம்மா. பிறகு சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். "மாத்திரை கேட்டிருச்சு பாருங்க" என்று பெரியம்மாவுக்கு ஒரே பெருமை.

இதை வெகுகாலம் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அம்மா சிரித்ததில்லை. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால், ஈரம் காயாத முன்நெற்றியோடு நிற்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் அவளுக்கு அவமானமாக முடிந்தது. அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குக் கேட்டாலும், "எதுக்கு, மறுக்கா மாத்திர முழுங்கறதுக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளை எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்றுதான் பிளஷ் வைக்கும் வித்தையை முறையாகக் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் கோத்தகிரியில் தம்பிக்குக் கல்யாணம். இந்தத் தடவை அம்மா மறுக்கவில்லை. சர்க்கரை வியாதியில் கண் மங்கியதிலிருந்து அவள் எதற்கும் அதிகமாக வாதாடுவதில்லை.

"அதே கலரா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதே கலருதாம்மா."

புறங்கையில் தட்டி, எலும்பின் மேல் வைத்து, காதுவரை கரைத்துவிட்டேன். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள். இந்த முகத்தை அன்றைக்கே அவளுக்குக் காட்டியிருக்கலாமே. கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். முகத்துக்குக் கிட்டத்தில் வைத்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"தெரியலையே" என்றாள்.

"நல்லாத் தெரியுதும்மா. அளவா இருக்குது."

"எனக்குத் தெரியலையே கண்ணு. வெளிய மிஸ்ட்டா?"

வாசலில் கண் கூசும் வெயில்.

"ஆமாம்மா, மிஸ்ட்டுதான்" என்றேன்.