முத்துவின் மூன்றாவது சான்றிதழ்: மாமல்லபுரம் நாய்க் கண்காட்சிக்குப் போய் வந்தது

கடந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போனேன். சிற்பங்களைப் பார்க்க அல்ல. அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்லூரியில் என்னோடு விலங்கியல் படித்த ஜெசிந்தா, தன் ராஜபாளையம் நாயை அங்கே ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோவதாகவும் துணைக்கு வரவேண்டும் என்றும் கேட்டாள். பிறப்பிலேயே கிடைத்த மூக்குக்கும் வாலுக்கும் பரிசு கொடுப்பதில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆனால் அவள் எதையும் அடிக்கடி கேட்பவள் அல்ல.

நாயின் பெயர் முத்து. மூன்று வயது, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத வெள்ளை. ஏற்கெனவே இரண்டு கண்காட்சிகளில் சான்றிதழ் வாங்கியிருந்தான். வேறொரு நடுவரிடம் மூன்றாவதும் கிடைத்தால் சாம்பியன் பட்டம். பட்டம் வந்ததும் கருங்குழியில் ஒருவர் வளர்க்கும் பெட்டையோடு சேர்ப்பதாகப் பேச்சு. பிறக்காத குட்டிகளுக்கு நாலு பேர் இப்போதே சொல்லிவைத்திருந்தார்கள். கணவர் இறந்த பிறகு ஜெசிந்தா ஆசையோடு பேசி நான் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

கூடுவாஞ்சேரியிலிருந்து காலை 5.20 மின்சார ரயில். செங்கல்பட்டுக்கு அரை மணி நேரம், டிக்கெட் ஐந்து ரூபாய். நிலையத்துக்கு வெளியே ஜெசிந்தா வாடகைக் காரோடு நின்றிருந்தாள். போய்வர 2,200 ரூபாய், நாய்க்காகக் கூடுதலாக 300. "முடி சீட்ல ஒட்டிகிச்சினா ஒரு வாரத்துக்குப் போவாதுக்கா," என்றார் ஓட்டுநர் சேகர். நியாயம்தான். மாலை நான் வீடு திரும்பும்போது என் புடவையிலும் பாதி நாய் இருந்தது.

மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். காரின் பின்னால் வந்த தனியார் பேருந்து ஏர் ஹாரனை அழுத்தியதில் என் டீ பாதி கொட்டிவிட்டது. முத்து பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தியாடி? என்ன நிதானம் பாரு," என்றாள் ஜெசிந்தா.

"என் வூட்லயும் ஒண்ணு கீதுக்கா," என்றார் சேகர். "குக்கர் விசில் அடிச்சாலும் அசையாது. என் மச்சான்."

கண்காட்சி நடந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால். பார்வையாளருக்கு நூறு ரூபாய். எட்டு மணி என்றார்கள், பத்தேகாலுக்குத் தொடங்கியது. நிழல் போதாது. கழிப்பறை பற்றி எழுதாமலிருப்பது நல்லது. பவுடர் பூசிய நாய்கள், அவற்றுக்கு மின்விசிறி பிடிக்கும் மனிதர்கள். நாற்காலிகள் எல்லாம் முன்பே பிடிக்கப்பட்டிருந்தன.

ஜெசிந்தாவுக்கு மூட்டு வலி, ஓட முடியாது. அதனால் நடுவர் முன் முத்துவை ஓட்டிக் காட்ட ஏழுமலை என்பவரை அமர்த்தியிருந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கடலுக்குப் போகாத நாட்களில் இந்த வேலை. முத்துவிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விரலைத் தூக்கினால் நின்றான், கையைத் தாழ்த்தினால் நடந்தான்.

முத்துவின் முறை வந்தபோது ஒலிபெருக்கி திடீரென்று கூவியது. சுற்றியிருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. முத்து மட்டும் சிலைபோல நின்றான். நடுவர் அவன் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், அவன் பிரிவில் முதல் இடம் கொடுத்தார். "அருமையான குணம். பதற்றமே இல்லை," என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். சான்றிதழுக்கான இறுதிச் சுற்று மூன்று மணிக்கு.

எனக்கு அந்தப் பதற்றமின்மை பிடிக்கவில்லை. விலங்குகள் திடுக்கிட வேண்டும். அதற்காகத்தான் அவற்றுக்குக் காது.

மதியம் கடற்கரைக்கு நடந்தோம், நானூறு மீட்டர். ஜெசிந்தா கயிற்றை அவிழ்த்தாள். முத்து அலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

"அலை சத்தத்துல கேக்கலை," என்றாள்.

"வீட்டில எப்படிக் கூப்பிடுவ?"

"காலால தரையில ரெண்டு தட்டு. எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவான்."

மணலில் தட்டிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. நான் பின்னால் போய், என் நிழல் அவன்மேல் விழாமல், சாவிக்கொத்தை அவன் காதருகே ஆட்டினேன். காது மடல்கூட அசையவில்லை. ஜெசிந்தா என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் தானே ஆட்டினாள். மூன்று முறை. பிறகு சாவியை என்னிடமே திருப்பித் தந்தாள்.

முழு வெள்ளை நாய்களில் சில, உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் செவிடாகப் பிறக்கும். இருவரும் இதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தான்.

பின்னால் வந்த ஏழுமலை நடந்ததைப் பார்த்துவிட்டார். "பழக்க வந்த மொத நாளே தெரியும் மேடம். அதான் கையால ஓட்டிகினு இருக்கேன். ஜட்ஜுக்கே தெரியல, நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிக்கிற? கம்முனு மூணு மணிக்கு வா. கப்பு நம்மளுதுதான்."

"குட்டிங்களும் இப்படிப் பொறந்தா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஒண்ணு ரெண்டு பொறக்கும்."

"அதுங்கள என்ன பண்ணுவாங்க?"

ஏழுமலை கடலைப் பார்த்தார். "செவிட்டுக் குட்டிய யாரு மேடம் வெச்சிகினு இருப்பா? ஜிஎஸ்டி ரோட்டாண்ட வுட்டுட்டுப் பூடுவாங்க."

லாரி வருவது கேட்காத குட்டியை, அந்த நெடுஞ்சாலையில். ஜெசிந்தா முத்துவின் கழுத்தில் கயிற்றை மாட்டினாள்.

இறுதிச் சுற்றிலிருந்து விலக ஒரு படிவம் உண்டு. காரணம் எழுத வேண்டும். "கால் சுளுக்குன்னு எழுது மேடம், நாய் பேரு கெடாது," என்றார் ஏழுமலை. அவள் எழுதியது: காது கேட்கவில்லை.

மேசையில் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாருக்கு மேடம், உங்களுக்கா?"

"அவனுக்கு. ஆனா இத்தனை நாள் எனக்கும்தான்."

மூன்று மணிக்கு வேறொரு நாய் சான்றிதழ் வாங்கியது. பிறகு படத்தில் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. நாங்கள் அப்போது திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியிருந்தோம். காரிலிருந்தே கருங்குழிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் கத்தியது எனக்கும் கேட்டது. "வாய மூடிகினு இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" அவள் போனை அணைத்துவிட்டு வழி முழுக்க முத்துவின் தலையில் கை வைத்திருந்தாள்.

செங்கல்பட்டில் அவள் வீட்டு வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்ததும் முத்து எதிர்ப்பக்கமாக இறங்கித் தெருவை நோக்கி நடந்தான். ஜெசிந்தா அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, சிமெண்டுத் தரையில் காலால் இரண்டு முறை தட்டினாள். திரும்பி ஓடி வந்தான்.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பி, தண்ணீர், மடக்கு நாற்காலி எடுத்துச் செல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் போதும். வெள்ளைக் குட்டி வாங்குவதாக இருந்தால் காதைச் சோதியுங்கள். விற்பவர் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுக் காட்டுவார், குட்டி திரும்பும். அதை நம்பாதீர்கள், அதிர்வைத் தரை சொல்லிவிடும். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அது பார்க்காத பக்கத்தில் சாவியை ஆட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால், வாங்குவதா என்று முடிவுசெய்யும் முன், உங்கள் வீட்டு வாசலில் என்ன சாலை போகிறது என்று யோசியுங்கள்.