பௌர்ணமியன்று ஆயில் மாற்றினேன்

கோபம் வந்தால் நான் ஏதாவது ஒரு புது வேலையைக் கற்றுக்கொள்வேன். ஓட்டல்காரரோடு சண்டை போட்டபோது பரோட்டா போடக் கற்றுக்கொண்டேன். முடிவெட்டுகிறவரோடு முறைத்துக்கொண்டபோது நானே கத்தரியை எடுத்தேன். அந்த மாதம் முழுக்கத் தொப்பியோடு திரிந்தேன். பைக் சர்வீஸ் கற்றுக்கொண்டதும் இந்த வகையில்தான். ஆனால் இந்த முறை சண்டை என் மச்சானோடு.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வேங்கிக்காலில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். அதே சாலையில் கொஞ்சம் தள்ளி என் ஜெராக்ஸ் கடை. கல்யாணம் ஆனதிலிருந்து என் வண்டியில் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. ஒருநாள் காலையில், ஷெட்டில் நாலைந்து பேர் நிற்கும்போது, காய்ந்துபோன என் செயினைப் பார்த்துவிட்டு, "மாட்ட ஓட்டுறவன் கூட தண்ணி காட்டுவான் மாப்ள, நீ இதுக்கு ஒரு சொட்டு எண்ண காட்ட மாட்டியா?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "சொந்தக்காரராச்சேனுதான் உங்ககிட்ட விடுறேன். ஊர்ல வேற ஷெட்டே இல்லையா?" என்றேன். "அப்ப அங்கயே போ" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு தினமும் ஷெட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கத்து டீக்கடை போர்டைப் படித்துக்கொண்டே போவேன். அதில் எழுதியிருப்பது முழுக்க எனக்கு மனப்பாடம்.

அது அப்படியே போயிருக்கும். ஆனால் ஆவணியில் மகளுக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பதோ ஒரே தாய்மாமன். மனைவியின் சித்தப்பா மகனைக் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "கூடப் பொறந்தவரு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதுக்குங்க வேற மடி? நான் கூப்பிட்டா வர மாட்டாரு. நீங்க போய்க் கூப்பிடணும்" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் வண்டிக்கு சர்வீஸ் நேரம் வந்துவிட்டது. வேறு ஷெட்டில் விட்டால் சாயங்காலத்துக்குள் மச்சான் காதுக்குப் போய்விடும். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. அவரிடமே கொண்டு போனால் நான் தோற்றுப்போனதாக ஆகும். ஆகவே நானே செய்வது என்று முடிவு செய்தேன். ஜெராக்ஸ் மிஷினுக்குள் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவி எடுக்கிறவனுக்கு ஒரு பைக் என்ன பெரிய விஷயம்?

ஆடிப் பௌர்ணமியன்று வைத்துக்கொண்டேன். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. அன்றைக்குப் பாதையில் வண்டி விட மாட்டார்கள், கடைக்கும் போக முடியாது. வாசலுக்கு வெளியே ஜனம் நடந்துகொண்டே இருக்க, உள்ளே நான் புது ஸ்பேனர் செட்டைப் பிரித்தேன். மனைவி போனைப் பிடித்து சர்வீஸ் செய்யும் வீடியோவைக் காட்டினாள். மகள் ஸ்பேனர்களை அடுக்கி வைத்தாள், அதாவது கலைத்துப் போட்டாள்.

இஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கினேன். அடியில் ஒரு பேசினை வைத்துவிட்டு, மேலிருந்து குனிந்து, கையை வண்டிக்கு அடியில் விட்டு, ஆயிலை வடிக்கும் போல்ட்டைத் திருகினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன். "இன்னாங்க, கழட்டுறீங்களா, இறுக்குறீங்களா?" என்று மனைவி கேட்டாள். மேலிருந்து குனிந்தால் திருகும் திசை மாறித் தெரியும் என்று வீடியோக்காரர் சொன்ன இடத்தை நான் வேகமாகத் தள்ளிவிட்டிருந்தேன். மறுபக்கம் திருகியதும் போல்ட் விடுபட்டு, தார் மாதிரி ஆயில் கொட்டியது. "அது துணி அலசுற பேசின்" என்றாள் மனைவி, எல்லாம் கொட்டி முடித்த பிறகு.

கேட்டருகே தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வண்டிக்கும் இன்னிக்குதான் அபிஷேகமாப்பா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

ஏர் பில்டரைப் பார்ப்பதற்காகப் பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஒயர் இரும்பில் உரசாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. கிளட்ச் கேபிள் வளைகிற இடத்தில் இன்னொரு துண்டு. டேங்குக்குக் கீழே ஒரு போல்ட் முனையில் சின்ன ரப்பர் தொப்பி ஒன்று மாட்டியிருந்தது. அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கம்பெனியிலேயே போட்டது என்று நினைத்திருந்தேன்.

"அது அண்ணன் போட்டது. முன்னாடி உக்காந்து போகும்போது பாப்பாவுக்கு முட்டியில கீறிக்கிச்சே, அப்போ" என்றாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எங்கிட்டயுந்தான் சொல்லல. நான் பாத்தேன்."

என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்வது சிரமமாகிக்கொண்டு வந்தது. ரப்பர் தொப்பியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே அழுத்தி மாட்டினேன். பிறகு மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாகச் செயினோடு மல்லுக்கட்டினேன். தொய்வு பார்க்க யாராவது வண்டிமேல் உட்கார வேண்டும் என்றதும் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இருவரும் ஊர்வலம் போகிற தோரணையில் இருந்தார்கள். நான் கீழே உட்கார்ந்து செயினை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

புது ஆயில் ஊற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டி, உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். மனைவி பிளக்கின் மூடியைச் சுட்டிக்காட்டினாள். அது தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டிவிட்டு உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வயிறு நிறையச் சாப்பிட்டவன் பேசுகிற மாதிரி, அவசரம் இல்லாத ஒரு சத்தம். அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளைத் தூக்கிச் சுற்றினேன், அவள் சட்டையெல்லாம் கிரீஸ் ஆனது.

ஆனால் ஓட்டிப் பார்க்க வழி இல்லை. பாதை முழுக்க ஜனம். யாரிடமாவது காட்ட வேண்டும் என்று மனம் பரபரத்தது. மனைவியிடம் மூன்றாவது தடவையாகச் செயினைக் காட்டியபோது, "எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சவரு ஒருத்தர்தான் இருக்காரு" என்றாள்.

"நாளைக்கு வண்டியிலயே போய்க் காட்டுறேன்."

"வண்டியிலயா?" என்று திரும்பினாள். "இத்தினி வருஷத்துல நீங்க எங்க அண்ணனப் பாக்கப் போனதே இல்லீங்க. வண்டியத்தான் காட்டப் போனீங்க."

யோசித்துப் பார்த்தால், வண்டி நன்றாக இருந்த ஒரு நாளில்கூட நான் அவர் வாசலை மிதித்ததில்லை. வெயில் தாழ்ந்ததும் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். எல்லோரும் ஏதோ வேண்டிக்கொண்டு நடந்தார்கள். நான் பேச வேண்டியதை மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டு நடந்தேன். குபேர லிங்கத்தைத் தாண்டி, பாதையை விட்டுப் பிரிந்து, வேங்கிக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஷெட்டின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மச்சான் உள்ளே தனியாக ஏதோ கார்புரேட்டரைப் பிரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். வண்டி இல்லை. உடனே எழுந்து டூல்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்க நின்னுபோச்சு?" என்றார்.

"எங்கயும் நிக்கல மச்சான். நல்லா ஓடுது. நானே சர்வீஸ் பண்ணேன்."

"நீயா?" என்றார். பை தோளிலேயே இருந்தது. "அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம் நடந்து வந்த?"

ஒப்பித்து வைத்திருந்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. "உங்களப் பாக்கத்தான்" என்றேன். "ஆவணியில பாப்பாவுக்குக் காது குத்துறோம். நீங்க மடியில வெச்சுக்கணும். அன்னிக்கு நான் பேசினது ஜாஸ்தி."

அவர் பையை இறக்கி வைத்தார். குழாயடிக்குப் போய், சோப்புத் தூளைக் கொட்டி, நகக்கண் வரைக்கும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எனக்கு முதுகைக் காட்டியபடியே, "பாப்பா இப்ப நல்லா பேசுதா?" என்று கேட்டார்.

"வாயே மூடுறதில்ல."

குழாயை மூடினார், ஷட்டரை இழுத்துப் பூட்டினார். இருவரும் பாதைக்கு வந்தபோது ஜனம் எங்களுக்கு நேர் எதிராக வந்துகொண்டிருந்தது. பௌர்ணமியன்று யாரும் எதிர்த்திசையில் நடக்க மாட்டார்கள், திட்டு விழும். "ஊருக்குள்ள போயி, எல்லாரோடயும் மலையச் சுத்திக்கிட்டே வீட்டுக்குப் போயிடலாமா மச்சான்?" என்றேன்.

"சுத்திப் போனா பாப்பா தூங்கிடும்" என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குள் நுழைந்தார். எதிரே வந்த ஒவ்வொருவரிடமும், "மன்னிச்சுக்கங்க சாமி, கொஞ்சம் வழி வுடுங்க, கொஞ்சம் வழி வுடுங்க" என்று கும்பிட்டுக்கொண்டே எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.