சுங் வாங்கிய ஜாடி

தைக்க வந்த பூட்ஸைக் கையில் வாங்கியதும் சுங் உடனே ஊசியை எடுக்க மாட்டார். மூங்கில் சிம்பு ஒன்றை அடித்தோலுக்கு மேலே ஓடும் தையல் இடுக்கில் செருகி, மெல்ல இழுத்துக்கொண்டே போவார். காய்ந்த மண் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்ததைப் பழைய செய்தித்தாளில் ஏந்துவார். பூட்ஸைக் கவிழ்த்துக் குதிகாலில் தட்டுவார். பிறகு தாளை மடித்து, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

“உன் மண்ணு. நீயே வச்சிக்க.”

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் இது சின்ன விஷயமல்ல. ஷிப்டு முடிந்து மேலே வரும் பூட்ஸில் தங்கத்தூள் ஒட்டியிருக்கும் என்று நம்புகிற ஊர். அந்த மண்ணைச் சேர்த்து வைக்கும் செருப்புக்காரனைத் திருடன் என்பார்கள். அதற்குப் பயந்துதான் அவர் திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததாலேயே சந்தேகம் கூடியது.

“அழுக்க மடிச்சித் திருப்பிக் குடுக்கறவன எங்கனா பாத்துகிறியா? பெரிசா இன்னாத்தையோ மறைக்கிறான்யா” என்பார் மரியகுழந்தை. சுரங்க வாசலில் வருகிறவர் போகிறவரைச் சோதிக்கும் காவல் வேலை அவருக்கு. டிபன் கேரியரைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே ஆளை நிறுத்துகிறவர்.

எனக்கும் சந்தேகம் உண்டு. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் கடை. மடியில் கவிதைப் பத்திரிகை விரிந்திருக்கும். கண் அந்த மூங்கில் சிம்பில் இருக்கும்.

சுங் சீனர். ஹாங்காங்கில் ஹக்கா இனத்தவர் வாழும் ஒரு மலையடிவாரத்துக் கிராமம் அவருடையது. கல்கத்தாவில் தோல் வேலை கற்றுக்கொண்டு, மனைவியோடு இங்கே வந்து சேர்ந்தவர். அந்த அம்மாள் ஐம்பத்தாறில் காய்ச்சலில் போய்விட்டாள். அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்த பிறகு, போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சொல்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது. ஊர் திரும்ப அனுமதி கேட்டு அவர் மனுப் போட்டிருந்தார். “அண்ணன் தம்பிங்க எல்லாம் காத்துக்கினு கீறாங்க” என்று பூட்ஸ் கொண்டுவருகிற எல்லோரிடமும் சொல்வார். ஒரு புகார் போனால் போதும், மனு குப்பைக்குப் போய்விடும். சீனர்களை அடைத்துவைத்திருந்த முகாமுக்கு அவரையே ஏற்றிவிடவும் கூடும். அது ஊருக்கே தெரியும்.

அப்படிப்பட்டவர், அறுபத்து நாலு பங்குனியில், ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் முழங்கால் உயர மண்ஜாடி ஒன்று வாங்கினார். மூடியோடு. கூடவே ஒரு முறம், இரண்டு பிரஷ்.

“மண்ண அலசறவன் வாங்கற சாமானுங்கதான இதெல்லாம்?” என்றார் மரியகுழந்தை.

சுங் கடையை ஒட்டி வடை சுடும் தாயம்மா எண்ணெயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஊறுகா போடுவாரு. உனுக்கு இன்னா?”

“பிரஷ் போட்டுத் தேய்ச்சா ஊறுகா போடுவாங்க, தாயம்மா?”

தாயம்மா அடுத்த வடையைத் தட்டி எண்ணெயில் போட்டாள். எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுங் ஜாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கக்கத்தில் கறுப்புக் குடை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கல்லறைகளைத் தாண்டி, சர்க்கார் காடு தொடங்கும் மேட்டுப் பக்கம் நடந்தார். மரியகுழந்தை லத்தியோடு பின்னால் போனார். “கையும் களவுமா புடிச்சி இன்னிக்கே ஸ்டேஷன்ல உடறேன் பாரு.” அடுப்பை அணைத்துவிட்டுத் தாயம்மாவும் ஓடினாள். நானும் போனேன்.

மேட்டில் புதிதாகத் தோண்டிய குழி. தைலமரக் கிளையில் குடையைக் கட்டி, அதன் நிழலில் சுங் குந்தியிருந்தார். முறத்தில் எதையோ வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது.

“இன்னா கீது ஜாடில? கவுத்துக் காட்டு” என்றார் மரியகுழந்தை.

“கவுக்கக் கூடாது.”

“ஏன் கூடாது?”

“கால் கீழ, தலை மேல. அவ உக்காந்துகினு கீறா.”

முறத்தில் இருந்தது மண்டையோடு.

தன் மனைவியை அங்கேதான் புதைத்திருந்ததாகச் சொன்னார் சுங். புதைத்துச் சில வருஷம் கழித்து எலும்பை எடுத்துக் கழுவி, ஜாடியில் உட்கார வைத்து, சொந்த மலையில் கொண்டுபோய் வைப்பது அவர்கள் வழக்கமாம். வெளியே எடுத்த எலும்பின்மேல் வெயில் படக் கூடாதாம். மனுவுக்கு எப்போது பதில் வந்தாலும் புறப்படத் தயாராக இருக்க வேண்டுமே என்றார்.

“கதை” என்றார் மரியகுழந்தை. “எவன் எலும்போ. அடியில தங்கம் வச்சி மேல இத்தப் போட்டா எவன் தொடுவான்?”

தாயம்மா குனிந்து பார்த்தாள். முன் பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது.

“அக்காதான்யா இது! எங்கூட்டுப் பொங்கலுக்குக் கரும்பு கடிச்சி ஒடச்சிக்கின பல்லு. நான் சிரிச்சேன்னு ஒரு வாரம் எங்கூட பேசல அது.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “உனுக்குச் சந்தேகம்னா கைய உள்ள உட்டுப் பாரு. உடுய்யா!”

மரியகுழந்தையின் கை ஜாடியின் வாய் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு பேண்டில் துடைத்துக்கொண்டார், எதையும் தொடாத கையை.

அவர் புகார் கொடுக்கவில்லை. ஆனால் இறங்கி வரும்போது என் காதருகே, “அடியில இன்னா கீதுனு யாரு பாத்தா?” என்றார். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஐந்து வருஷம் அந்த ஜாடி கடைக்குள் பூட்ஸ் அச்சுகளுக்குப் பின்னால் இருந்தது. பூட்ஸ் கொண்டுவருகிறவர்கள் எல்லோருடைய பார்வையும் ஒருதரம் அங்கே போய்விட்டுத்தான் திரும்பும்.

அறுபத்தொன்பதில் அனுமதி கிடைத்தது. கம்பளி சுற்றிய ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு சுங் ரயிலில் உட்கார்ந்தார். தாயம்மா வடைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். “ரெண்டு பேருக்கும்.” பிளாட்பாரக் கடைசியில் மரியகுழந்தை நின்று ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தெட்டில் பெங்களூரில் ஒரு சீனர் கடையில் செருப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் சுங்குக்குத் தூரத்து உறவு, அதே ஊர்க்காரர். சுங் போன வருஷம் இறந்துவிட்டார் என்றார். அவர்கள் ஊர் மலையையும் காட்டையும் அரசாங்கம் பூங்காவாக்கிவிட்டதாம். பட்டணத்துக்காரர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்க வருகிறார்களாம்.

“அவர் அண்ணன் தம்பிகள்?” என்று கேட்டேன்.

எல்லோரும் ஓட்டல் வேலைக்கு இங்கிலாந்து போய்விட்டார்கள் என்றார் கடைக்காரர். கடைசி வீட்டைப் பூட்டியது கடைக்காரருடைய சித்தப்பாதான். சண்டை வருவதற்கு முந்திய வருஷம். பூட்டிய கையோடு அவர் கடிதம் எழுதியதால், ஊரில் ஒருவரும் காத்திருக்கவில்லை என்பது சுங்குக்கு அப்போதே தெரியும்.