யன்னல் சாத்திய அறையில் ஐந்து கிகாஹேர்ட்ஸ்

புத்தளம் தில்லையடியில் ஒரு கல்யாணம் என்றால், சமையலுக்கு ஆள் சொல்லும் கையோடு சிபானாவுக்கும் சொல்லிவிடுவார்கள். பெண்கள் பக்கத்து வீடியோ அவளுடையது. ஆண்கள் பக்கத்தை யாரும் எடுக்கலாம், டிரோன் பறக்கவிடலாம், முகநூலில் ஏற்றி ஊர் முழுக்கக் காட்டலாம். பெண்கள் பக்கத்தில் கமரா பிடிப்பதும் பெண்தான், வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டி ஒட்டுவதும் அதே பெண்தான். இடையில் எந்த அந்நிய ஆணின் கண்ணும் படக்கூடாது. இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறிப் பார்த்திருப்பார்கள்.

அவளுடைய உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். சிபானா பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். அடையாள அட்டைப் படங்களுக்குப் பின்னாலிருக்கும் சுவரை நீலமாக்குவதுதான் வேலை. அங்கேதான் கம்பியூட்டர் அவளைப் பிடித்துக்கொண்டது. கல்யாணம் முடித்த பிறகும் விடவில்லை. மாம்புரியிலிருந்து மரக்கறி லொறி ஓட்டும் அவள் புருஷன் ஹஸ்மி, "எனக்கு ரெண்டு பெண்சாதி, ஒண்டுக்கு வயர் இரிக்கி" என்று பகடி விடுவான்.

இந்தத் தொழிலில் அவள் சம்பாதித்தது பெயர்தான். அந்தப் பெயருக்குக் காரணம் அவள் கொடுக்கும் வாக்கு. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டிலிருந்து ஒருவர் வந்து அவளுடைய அறையில் உட்காரலாம். அவருடைய கண்முன்னாலேயே கமராக் கார்டிலிருப்பதைக் கம்பியூட்டரில் ஏற்றுவாள். கார்டைத் தோண்டினாலும் எதுவும் கிடைக்காதபடி அழிப்பாள். வேறெங்கும் பிரதி கிடையாது. அந்தக் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் வயரும் கிடையாது. ஒரு வீட்டின் முக்காடில்லாத முகங்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. அதை நினைத்தால் சிபானாவுக்குப் பெருமையாக இருக்கும்.

பெட்டி கிழடாகிப் போனதுதான் குறை. விடிய சுபஹுத் தொழுதுவிட்டு, வெட்டி ஒட்டிய ஒரு கல்யாணத்தை முழு வீடியோவாக்க ஓடவிட்டால், பின்னேரம் அஸர் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். டவுனில் கம்பியூட்டர் பாட்ஸ் கடை வைத்திருக்கும் ஃபைஸல் நானா அவளுக்கு ஒரு பாவித்த புரொசெசர் எடுத்துக் கொடுத்தார். பூட்டுத் திறந்த சாதி. சாதாரணப் புரொசெசரை அதன் கொம்பனி ஒரு வேகத்தில் பூட்டியே அனுப்புகிறது. இதை நாமே கூட்டிக்கொள்ளலாம். கூட்டினால் அது கூடக் கரண்ட் கேட்கும், கரண்ட் கொடுத்தால் சுடும். சுடுவதைத் தாங்க ஃபேன் வேண்டும். இந்த மூன்றையும் சமாளித்துவிட்டால் முழுநாள் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

சிபானா எல்லாவற்றையும் போனில் யூடியூப் பார்த்தே படித்தாள். நாலு கிகாஹேர்ட்ஸ் சொச்ச வேகத்தில் கிடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் புரொசெசரைச் சாறு பிழிகிற ஒரு சோதனையை ஓடவிட்டு, சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தைத் தொட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள். பெட்டி அசையவில்லை. சூடும் அளவோடுதான் நின்றது. ஹஸ்மியைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் "மாஷா அல்லாஹ்" என்றான்.

அது மழைக்காலம். யன்னல் இரண்டும் திறந்திருந்தன, கடல் பக்கத்துக் காற்று அறைக்குள் தாராளமாக வந்துகொண்டிருந்தது. சோதனை ஓடும்போது திரையில் வெறும் எண்கள்தானே, யார் எட்டிப் பார்த்தால் என்ன? ஆனால் அவள் வேலை செய்கிற நேரத்தில் யன்னல்கள் திறந்திருப்பதில்லை. ரோட்டில் போகிற ஆண் பார்த்துவிடுவான் என்று யன்னலைச் சாத்தி, திரை இழுத்து, கதவுக்கும் கொக்கி போட்டுக்கொண்டுதான் வேலையில் உட்காருவாள். மேலே தகரக் கூரை. திறந்த அறையில் தாங்கிய வேகம் சாத்திய அறையில் தாங்குமா என்ற சின்ன விசயம் மட்டும் இவ்வளவு படித்தவளுக்கு ஏனோ தட்டவேயில்லை.

நோன்பு மாதத்தில் வெக்கை ஏறியபோது கம்பியூட்டர் இரண்டு தரம் தானாக அணைந்து எழும்பியது. கரண்டில் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். பெருநாள் கழிந்தால் கல்யாணங்கள் வரிசையில் நின்றன. வேகத்தைக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த வரிசையில் முதல் கல்யாணம் நஸ்லாவுடையது. அவளுடைய உம்மா கமறியா கண்டிப்பான மனுசி. மண்டப வாசலில் பிளாஸ்டிக் கூடையோடு நின்று, வந்த பெண்களின் போன்களை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டார். கமறியா தன் வாழ்நாளில் அடையாள அட்டைக்குத் தவிர வேறெதற்கும் படமெடுக்க நின்றதில்லை. அன்று மட்டும் மகளுக்குப் பக்கத்தில், முக்காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சிபானாவின் கமராவுக்கு முன்னால் நின்றார்.

மறுநாள் அவரே வந்து சிபானாவின் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். யன்னல்கள் சாத்தியிருந்தன. நோன்புக்கு முந்திய வேறொரு கல்யாணம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் கார்டுகளையும் ஏற்றினாள் சிபானா.

"இந்த வெக்கைக்குள்ள எப்படி மகள் இரிக்கீங்க?" என்று கமறியா முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"பழகிட்டு மாமி."

ஏற்றி முடிந்தது. பைல்கள் எல்லாம் இருந்தன, அளவும் சரியாக இருந்தது. ஒன்றைத் திறந்து தொடக்கத்தை ஓட்டிக் காட்டினாள். படம் பளிச்சென்று ஓடியது.

"சரி, இப்பவே அழிச்சிடுங்க. எனக்குப் பார்த்துட்டுப் போகோணும்."

சிபானா அழித்தாள். கமறியா நிம்மதியாக எழுந்து போனார்.

அவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தது வீட்டாருக்குத் தெரியும். நெஞ்சு இவ்வளவு கெதியாக அடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மகளின் கைமருதாணி அழியுமுன் கமறியா மௌத்தாகிப் போனார். சில நாட்களில் நஸ்லாவின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. "ராத்தா, வீடியோ எப்ப முடிஞ்சாலும் பரவாயில்ல. உம்மா வாற இடத்த மட்டும் முதல்ல வெட்டித் தாங்க. உம்மாட முகத்த ஒருக்கா பார்க்கோணும்."

சிபானா கொக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். முதல் பைலில் கமறியா வாசலில் கூடையோடு வந்தார், திரும்பினார், அப்படியே பச்சைச் சதுரங்களாக உடைந்தார். அடுத்த பைல் திறக்கவேயில்லை. அதற்கடுத்ததில் மணமகளின் கை மட்டும் தெரிந்தது, மிச்சம் சாம்பல். வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினாள், யன்னல்களைத் திறந்தாள், திரும்பத் திறந்து பார்த்தாள். ஏற்றும்போதே பிழையாக எழுதப்பட்டது இனி எந்த வேகத்தில் திறந்தாலும் பிழைதான். அது அவளுக்குத் தெரிந்திருந்தும் பகல் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி அழுதாள்.

ஃபைஸல் நானாவிடம் போய் விசயத்தை வாயால் மட்டும் சொன்னாள்.

"பைலத் தந்தா பார்க்கலாம். துண்டு துண்டா ஓட்டிப் பார்த்துத்தான் ஒட்டோணும்," என்றார் அவர். "கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பொம்பளப் பக்கமா?" என்று கேட்டார்.

"ஓம் நானா."

"அப்ப பைலத் தாங்கண்டு நான் கேக்கமாட்டன். அந்தப் புள்ளட்ட கேட்டுட்டு வாங்க."

நஸ்லாவின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், 'கம்பியூட்டர் பழுதாகிட்டு' என்று சொன்னால் போதும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு போனாள். யாரும் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை. ஆனால் நஸ்லா தேத்தண்ணியை நீட்டியபோது அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"வீடியோவப் பழுதாக்கினது நான்தான், நஸ்லா. கம்பியூட்டர்ட வேகத்தக் கூட்டி வெச்சிருந்தன். வெக்கையில அது பிழையா எழுதிட்டு."

"ஏன் கூட்டினீங்க?"

"கெதியா முடிக்க."

நஸ்லா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சிபானா தாங்கியிருப்பாள். "நாங்க ஆரும் அவசரப்படுத்தல்லயே ராத்தா," என்றாள் நஸ்லா.

கார்டைப் பற்றிக் கேட்டாள். உம்மாவின் கண்முன்னால் அழித்ததைச் சிபானா சொன்னாள். கடைசியாக ஃபைஸல் நானா சொன்னதையும் சொன்னாள். கொஞ்சமாவது வரலாம், ஆனால் அவர் பார்க்க வேண்டி வரும்.

நஸ்லாவின் கண்கள் விரிந்தன. ஒரு கணம் அவள் ஓம் என்று சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. சிபானா அதற்காகவே வேண்டிக்கொண்டாள். நஸ்லா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது முடித்தாள். "வாணாம். உம்மா அண்டைக்கு வாசல்ல கூடையோட நிண்டவ. மௌத்தாகிட்டாண்டு நான் அவவ வெளியாம்பிள ஒருத்தருக்குத் தொறந்து காட்ட ஏலாது."

தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு நஸ்லா கிட்ட வந்து சிபானாவின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு அண்டைக்கு வெக்கத்தில தலை நிமிர ஏலல்ல ராத்தா. உம்மாவ நான் சரியாப் பார்க்கவேயில்ல. நீங்க முன்னுக்கே நிண்டீங்கதானே. சொல்லுங்க, உம்மா எப்படி இருந்தா? அழுதாவா, சிரிச்சாவா?"

சிபானா நினைத்துப் பார்த்தாள். கமறியாவுக்கு எட்டித் தொடும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். ஆனால் அவள் கண் இருந்ததெல்லாம் கமராவின் சின்னத் திரையில். வெளிச்சம் கூடுகிறதா, முகம் கலங்குகிறதா, பற்றரி எவ்வளவு கிடக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை ஆறுதலாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெட்டி ஒட்டும்போது எப்படியும் பார்க்கத்தானே போகிறோம் என்று விட்டிருந்தாள். எத்தனையோ கல்யாணங்களில் பார்த்த எத்தனையோ உம்மாமாரின் முகங்கள் வந்தன. கமறியாவின் முகம் வரவில்லை.

"வடிவா இருந்தா," என்றாள்.

நஸ்லா கையை விடாமல், மிச்சத்தையும் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.