பதினைந்து நாள் பொறுக்காதவள்

பேச்சியம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பத்தேழாம் வருஷம், தை மாதம். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹட்டன் டவுனில். அப்பா ஹுசைன் முதலாளி கடையில் மூட்டை தூக்கினார். தாயில்லாப் பிள்ளை என்று முதலாளியின் மனைவி ஜெமீலா அவளைத் தன் வீட்டோடு வைத்துக்கொண்டாள். பேச்சியம்மா இடியப்பம் பிழிவாள், தையல் மிஷின் மிதிப்பாள், நோன்புக் கஞ்சி காய்ச்சுவாள். தோட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். டவுன்காரி இல்லையா!

புருஷன் செல்லசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, நல்ல உயரம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். கல்யாணமான முதல் மாதம், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் வேறு மனிதர்கள் இருப்பதே அந்த இருவர் கண்ணிலும் படவில்லை. அதற்குள் மாசி வந்து தொலைத்தது.

மாசி என்றால் தோட்டங்களில் காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்துபோகும் காமனாக ஆடுகிறவனும், அவன் பெண்டாட்டி ரதியாக வேஷம் கட்டுகிறவனும் கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டினால் பதினைந்து நாள் கவுச்சி கிடையாது, வீட்டுப் பெண்கள் தொடக்கூடாது, படுக்கை பொட்டலில் போட்ட கொட்டகையில்தான். அந்த வருஷம் செல்லசாமிதான் காமன். பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதியைப் பெண்டாட்டிக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டான், மகராசன்.

பேச்சியம்மா கண்டது இவ்வளவுதான். மனுஷன் ஒருநாள் திடீரென்று பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். சாப்பிட மட்டும் வந்தான். அவள் வைத்த கருவாட்டுக் குழம்பைத் தொடவில்லை. அவள் விரல் பட்டுவிடாமல் தள்ளி உட்கார்ந்து பருப்பும் சோறும் தின்றான். மணிக்கட்டில் புதிதாக ஒரு மஞ்சள் கயிறு. எவளோ மந்திரித்துக் கட்டியிருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

நேரே கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்த வேலாயியிடம், வீட்டில் அவர் படுப்பதில்லை என்று மட்டும் இழுத்தாள். வேலாயி சிரித்தாள்.

"அதெல்லாம் பதினஞ்சு நாளைக்குத்தாம்மா, பொறுத்துக்க. எங்க வீட்டு ஆளுந்தான் ரெண்டு வருசம் போனாரு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பேச்சியம்மா வேறு கணக்குப் போட்டாள். வருஷத்துக்குப் பதினைந்து நாள் ஆம்பிளைகளை அவிழ்த்துவிடுகிற தோட்டமா இது? கொழுந்து எடுக்கப் போன இடத்தில் கண்ணீர் வடிந்தது. முற்றின இலையும் இளங்கொழுந்தும் ஒன்றாய்க் கூடைக்குள் போயின. ஹட்டனுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை, ஏனென்றால் அந்த ஊமைக்கோட்டான் மேல் அவளுக்கு உயிர்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பொறுக்கமுடியாமல் பொட்டலுக்குப் போனாள். கொட்டகைச் சாக்குத் திரையை விலக்கினால், சிவப்புச் சேலையும் கொண்டையுமாக ஒருத்தி, செல்லசாமியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, போகாதே போகாதே என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மா ஒரே பாய்ச்சலில் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். கொண்டை கையோடு வந்துவிட்டது. அடியில் வழுக்கையைத் தடவிக்கொண்டு நின்றது நாலு பிள்ளைக்குத் தகப்பனான ஆண்டியப்பன்.

ஒத்திகைக்குத் தப்பு மேளம் அடித்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கூத்து வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டு, ரதி வேஷக்கார ஆண்டியப்பனின் விரதம் தீட்டுப்பட்டதென்றும், அவன் தினமும் காலையும் மாலையும் ஓடையில் முங்கினால்தான் தீரும் என்றும் தீர்ப்புச் சொன்னார். செல்லசாமி அவள் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்குப் போ" என்றான்.

அதோடு அவன் சாப்பிடவும் வரவில்லை. வேலாயி எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. காப்பு அவிழ்த்த பிறகாவது வருவானா, இல்லை ஊர் சிரிக்க வைத்தவள் வேண்டாமென்று விட்டுவிடுவானா? மிச்ச நாளெல்லாம் அவளுக்கு அதே நினைப்புத்தான்.

கூத்து முடிகிற அன்று விடியப்போகிற நேரம். நெற்றிக்கண் வாணம் சீறியது, காமன் சாய்ந்தான், வெள்ளைத்துணி போர்த்தினார்கள். இனி ரதி அழவேண்டும், சனம் அதற்காகத்தான் விடிய விடியக் காத்திருந்தது. ஆண்டியப்பன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. ஏழு நாள் மாசிப் பனியில் முங்கிய தொண்டை ஒரேயடியாகக் கட்டிப்போயிருந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு ஒப்பாரி எழுந்தது. பேச்சியம்மாதான். வேஷம் என்று தெரியும். தெரிந்தும், துணிக்கடியில் அவன் அசையாமல் கிடந்த கோலம் தாங்கவில்லை.

"தெரியாமச் செஞ்சுபுட்டேன் ராசா, என்னைய விட்டுட்டுப் போயிராத ராசா."

ஆண்டியப்பன் கெட்டிக்காரன். அந்தக் குரலுக்கேற்ப மாரில் அடித்துக்கொண்டு வாயசைத்தான். அழாத பெண்பிள்ளை இல்லை. வாத்தியாரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பித்துக் காப்பை அவிழ்த்தார்கள். செல்லசாமி பாயோடு வந்து வாசலில் நின்றான். அவள் அடுப்புப் பக்கமே திரும்பியிருந்தாள்.

"எந்திரிச்சு ஒன் வாயப் பொத்திரலாமான்னு பாத்தேன்" என்றான். "செத்தவன் எப்பிடிப் புள்ள எந்திரிக்கிறது? எம்மேல அம்புட்டு அழுகையா வச்சிருந்த?"

பேச்சியம்மா திரும்பி அவன் பாயை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஏழு மாசிகள் செல்லசாமியே காமன். ஏழு வருஷமும் திரைக்குப் பின்னால் பேச்சியம்மாவின் ஒப்பாரி, முன்னால் ஆண்டியப்பனின் வாயசைப்பு. காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் செல்லசாமி பெண்டாட்டியை உட்காரவைத்து, நாளையிலிருந்து எங்கே படுப்பான், பக்கத்தில் யார் படுப்பான், எதைத் தின்னமாட்டான், எதற்காக என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் போவான். அவளும் ஒன்றும் தெரியாதவள் போல, நடுநடுவே சந்தேகம் கேட்டுக்கொண்டு முழுவதையும் கேட்பாள். அவன் வாயிலிருந்து அத்தனை வார்த்தை வருவது வருஷத்தில் அந்த ஒருநாள்தான்.