ஆரணி: பஞ்சில் ஒட்டாத ஊதா

பட்டுச்சேலையை நெய்கிற ஊரிலேயே வாங்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை ஆரணிக்குப் போனேன். சேலை வாங்காமல் திரும்பினேன். அன்று நடந்தது எனக்கே இன்னும் குழப்பம். வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து காலை 6.10 பஸ். காஞ்சிபுரம், செய்யாறு வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். செய்யாறில் டீ குடிக்க இறங்கி பஸ்ஸை விடப் பார்த்தேன் (என் வழக்கம்). 10.15க்கு ஆரணி. அங்கிருந்து சாயப்பட்டறை இருக்கும் சேவூருக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

சேகர் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். வேலையைக் காட்டுவதாகப் போனில் சொல்லியிருந்தார். போனால் மனிதர் காய்ச்சலில் படுத்திருந்தார். மூன்று நாள் முன்பு சாயத்தொட்டி விளிம்பு இடது குதிகாலைக் கீறிவிட்டதாம். கைகள், பாதங்கள் எல்லாம் ஊதா. அடடா, என்ன நிறம் என்று 10.50க்குக் கால்களை ஒரு படம் எடுத்தேன்.

"சாயங்க அது. வெறுங்கால்லயே வேலை செய்யறோமா, சீக்கிரம் போவாது. வலிதான் பேஜாரா கீது," என்றார் அவர் மனைவி கலா.

கீறல் நகத்தளவு. அதற்கா இந்த வலி? போர்வை நுனி பட்டதற்கே சேகர் அலறினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னது பயத்தில்தான். அதற்கே கலாவைச் சம்மதிக்க வைக்க அரை மணி ஆனது. "ஜல்தி ஏத்துங்க," என்று ஆட்டோக்காரர் பறந்தார்.

சின்ன அரசு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் சேகரின் கையைத் துடைத்தார். பஞ்சு ஊதாவானது. வலது பாதத்தைத் துடைத்தார், ஊதா. இடது கணுக்காலைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது, தோலில் ஊதா அப்படியே இருந்தது.

"இது சாயமில்லம்மா. உள்ள சதை அழுகுது. எவ்ளோ வேகமா ஏறுதுன்னு தெரியணும்."

போனை நீட்டினேன். 10.50 படத்தில் அந்தக் கரிய ஊதா கணுவுக்குக் கீழே. இப்போது 12.20, மூன்று விரல் மேலே.

உடனே இங்கேயே ஆபரேஷன் என்றார். ஸ்கேன் இல்லை, வென்டிலேட்டர் இல்லை. 40 கிலோமீட்டரில் வேலூர் இருக்க இங்கே ஏன் என்று கோபமாகவே கேட்டேன்.

"கத்தி இருக்கு, மருந்து இருக்கு. அழுகினத எடுத்துட்டு அனுப்பறேன். அப்படியே அனுப்பினா போற வழியிலயே இன்னும் ஏறிடும். கால் மட்டுமில்ல, ஆளே போயிடலாம்."

மயக்க மருந்து டாக்டர் பைக்கில் வந்து சேர்ந்தார். 1.15க்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே கலா, "ரெண்டு நாளா சோப்பு போட்டுத் தேச்சிகினு இருந்தேனே மேடம்," என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும்தான் அழகு என்று படம் எடுத்தேன். 3 மணிக்கு 108 ஆம்புலன்ஸ் வேலூருக்குக் கிளம்பியது.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸே நல்லது, மதியம் வெயில் தாங்காது. கண்ட காயத்துக்கும் பயப்படச் சொல்லவில்லை. ஆனால் காயம் சின்னது, வலி பெரியது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் அங்கேயே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். அந்தப் படத்தை இங்கே போடுவதா, அழிப்பதா என்று இன்னும் தெரியவில்லை.

போன வாரம் கலா பேசினார். வேலூரில் இன்னும் இரண்டு முறை வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்களாம். கால் தப்பிவிட்டது.

"இப்ப நான்தாங்க சாயம் போடறேன். வேலை முடிஞ்சதும் என் காலப் பஞ்சால தொடச்சிப் பாக்கறேன். ஊதா வந்தாத்தான் சோறு எறங்குது."